காக்கிச் சட்டையில் ராணுவ ரிப்பன்: தருமபுரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மாநிலக் காவல் பணியில் சேர்ந்த ஒருவர், அங்கே ஈட்டிய பதக்க ரிப்பன்களையும் (பதக்கத்துக்குப் பதிலாகச் சட்டையில் அணியும் வண்ணத் துணிப் பட்டைகள்) பேட்ஜ்களையும் காக்கிச் சீருடையில் குத்திக்கொண்டு குடியரசு நாள் ஒத்திகைக்கு வந்தார். மைதானத்திலேயே எல்லாம் கழற்றப்பட்டன. அடுத்த குடியரசு நாளுக்குள் ஒரு பகுதி சட்டைக்குத் திரும்பிவிட்டது. இன்னொரு பகுதி திரும்பவில்லை. எது திரும்பியது, எது திரும்பவில்லை, ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து முன்னாள் படைவீரர்களுக்கு பென்ஷன் மனு, ஆவணத் திருத்தம் போன்ற வேலைகளில் உதவி வருகிறேன். இந்தக் காவலரின் ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்தது நான். பிறகு அவருடைய மேலதிகாரியும் என்னை அழைத்துச் சில விவரங்களைக் கேட்டுக்கொண்டார். இரு தரப்பின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களும் பிரிவும் அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களும் விடப்பட்டிருக்கின்றன.

பின்னணி

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரர். தக்காளிக்கு விலை கிடைக்காத ஆண்டுகளில் நிலத்திலேயே பழத்தை விட்டுவிட்டு வந்த குடும்பம். 2003-இல் ராணுவத்தின் தொலைத்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து ஜபல்பூரில் பயிற்சி முடித்தார். சில ஆண்டுகளில், ஆக்ராவில் உள்ள பாராசூட் பிரிகேடின் சிக்னல்ஸ் கம்பெனிக்கு விருப்பம் தெரிவித்துப் போனார். அங்கே பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை பாராசூட்டில் குதித்தால்தான் விங்ஸ் என்ற சிறகு வடிவ பேட்ஜ் கிடைக்கும். அதில் ஒன்று இரவுக் குதிப்பு. அதை முடித்து விங்ஸ் வாங்கினார். அதன் பிறகு லே பகுதியில் ஒரு பணிக்காலம், சியாச்சினில் ஒன்று, ஐ.நா. அமைதிப் படையில் தெற்கு லெபனானில் ஒன்று. 2020-இல் ஹவில்தாராக டிஸ்சார்ஜ் ஆனார்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதன் வழியாக 2022-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தார். வயது 38. கூடப் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஒரு தொலைத்தொடர்புக் குழுவையே பொறுப்பில் வைத்திருந்தவர், மறுபடியும் கடைசி வரிசையில் நின்று கவாத்துப் பழகினார். அதில் அவருக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அதிகாரிகளை 'அய்யா' என்று அழைக்க வேண்டிய இடத்தில் பழக்கத் தோஷத்தில் 'சாப்' என்று வந்துவிடும். பிரிவில் அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

அவருடைய பிரிவில் மேலும் சில முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் ராணுவ ரிப்பன் அணிந்ததில்லை. அணியக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அணியலாம் என்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஒத்திகையில் நடந்தது

2024 ஜனவரி. அணிவகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு மெமோ வந்தது. சீருடை குறித்த வழக்கமான வரிகளுக்கு நடுவில், பதக்கம் பெற்றவர்கள் அவற்றை அணிந்து வர வேண்டும் என்று ஒரு வரி. எந்தப் பதக்கம், யார் தந்த பதக்கம் என்ற விளக்கம் இல்லை. எழுதியவர் மனத்தில் இருந்தது காவல் பதக்கங்கள். படித்தவர் தன்னிடம் இருப்பதை நினைத்துக்கொண்டார். இரண்டு பேருமே வரியைத் தவறாகப் படிக்கவில்லை.

அன்று அவருடைய சட்டையில் நான்கு வகைப் பொருள்கள் இருந்தன. இடப்புறப் பைக்கு மேல் ஐந்து ரிப்பன்கள்: ஐ.நா. பதக்கம், சியாச்சின் கிளேசியர், சைன்ய சேவா, உயர்மலைச் சேவை, ஒன்பது ஆண்டு நீண்ட சேவை. இவை பட்டையாகத் தைக்கப்பட்டு ஒரே தகட்டில் இருந்தன. அடுத்து பாராசூட் விங்ஸ். மூன்றாவது, ராணுவத் தளபதி ஒருவரின் பாராட்டு அட்டையோடு கிடைத்த சிறு உலோக பேட்ஜ். நான்காவது, காவல் சீருடையின் விசில் கயிற்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் போட்டிருந்த பழைய படைப்பிரிவுத் தோள்கயிறு.

சீருடைச் சோதனைக்கு வந்த ஆய்வாளர் அவர் முன் நின்றார். வயதில் இவரைவிட இளையவர். அணிவகுப்பில் விதிக்குப் புறம்பாக ஒரு பொத்தான் இருந்தாலும் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். இது என்ன என்று விங்ஸைக் காட்டிக் கேட்டார். காவலர் சொன்னார். விசில் கயிறு எங்கே என்று கேட்டார். அதற்கு உடனே பதில் வரவில்லை. "எல்லாவற்றையும் கழற்றுங்கள், இது ராணுவம் இல்லை" என்றார் ஆய்வாளர். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

விங்ஸின் பின்புறம் இரண்டு கூர் முனைகள். சட்டைக்கு உள்பக்கம் சிறு பித்தளைப் பிடிகளைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். நின்ற நிலையிலேயே ஒரு கையைச் சட்டைக்குள் விட்டு அதைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு பிடி கீழே விழுந்து மண்ணில் உருண்டது. தகட்டை இழுத்தபோது துணி சற்றுக் கிழிந்தது. எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒத்திகை தொடர்ந்தது. சலவை செய்த காக்கியில் ரிப்பன் தகடு இருந்த இடம் தனியாகத் தெரிந்தது என்று பக்கத்தில் நின்றவர் என்னிடம் சொன்னார்.

மாலைக்குள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய ஒத்திகைப் படம் வந்துவிட்டது. கூடவே 'போலி மெடல்' என்ற சொல்லும்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சந்தேகம் காற்றில் பிறக்கவில்லை. ஒத்திகைக்குச் சில மாதங்களுக்கு முன் அவர் மகளுக்குக் காதணி விழா நடந்தது. நம் மாவட்டத்தில் காதணி விழாவுக்கு ஃப்ளெக்ஸ் இல்லாமல் இருக்காது. மைத்துனர் பொறுப்பில் அடித்த அந்தப் பதாகையில் மாமாவின் படம், சிவப்புத் தொப்பியோடு. தொப்பிக்குப் பக்கத்தில் இணையத்தில் இருந்து எடுத்த 'பலிதான்' சின்னம். அடியில் 'இந்திய ராணுவத்தின் பாரா கமாண்டோ' என்று பெரிய எழுத்து.

அவர் பாரா கமாண்டோ இல்லை. பாராசூட்டில் குதிக்கத் தகுதி பெறுவது ஒன்று. பாரா சிறப்புப் படையில் தேர்வாகி வருவது வேறொன்று. 'பலிதான்' சின்னம் அந்தச் சிறப்புப் படைக்கு மட்டும் உரியது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அது இருந்ததும், ஐ.சி.சி. அதை அனுமதிக்க மறுத்ததும் ஊருக்கே தெரிந்த செய்தி. அதனால் பிரிவில் இருந்த இளம் காவலர்களுக்கு அந்தச் சின்னம் மட்டும் நன்றாகத் தெரியும். பதாகையில் ஒரு சின்னம், சட்டையில் வேறொரு சின்னம் என்றதும், ஆள் கதை விடுகிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். பதாகையை அச்சுக்கு அனுப்பும்போது அவர் ஊரில் இல்லை. விழா நாளில் பார்த்தபோது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த 'இருக்கட்டும்' அவருக்கு வினையாக முடிந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. உண்மையான பதக்கங்களைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அவர் கொண்டுவந்தவற்றில் மூன்று, ஆக்ராவில் கடையில் வாங்கியவை. அரசு வழங்கும் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். கடைப் பதக்கத்தில் விளிம்பு மொட்டையாக இருக்கும். ஆய்வாளருக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது. மூன்றின் விளிம்பும் மொட்டை என்றதும் அவருடைய சந்தேகம் உறுதியானது.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. பதக்கத்துக்கான உரிமை ஆணையில் வெளியாகிவிடும். ஆனால் உலோகப் பதக்கம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும், சிலருக்கு வராமலே போகும். பரேடுக்கு அணிந்தாக வேண்டும். எனவே கடையில் வாங்கிக்கொள்வார்கள். உரிமை உண்மை, உலோகம் நகல். வெளியில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. ஆய்வாளரை நான் இதில் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததை வைத்துச் சரியாகவே யோசித்தார்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவையும் இழுத்தார். படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படையினரின் உடையையோ சின்னத்தையோ அணிவதுதான் அந்தக் குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (2024 ஜூலை 1 முதல் இதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் வருகிறது, அபராத வரம்பு 2000 ரூபாய்.) காவல் சீருடையில், சொந்தப் பெயர்ப்பட்டையோடு, மேலதிகாரி முன் வரிசையில் நிற்கும் ஒருவரைப் பார்த்து யாரும் பணியில் உள்ள ராணுவ வீரர் என்று நம்பப் போவதில்லை. நோக்கம் என்ற அடிப்படையே இல்லை. சட்டப் பிரிவை முழுதும் படிக்காமல் எண்ணை மட்டும் வீசுவது காவல் பணியில் இருப்பவர்களுக்கே வருகிறது என்பது வருத்தம்தான்.

ஆவணங்கள்

பிப்ரவரியில் அவர் என்னிடம் வந்தார். ராஜினாமா பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எழுதி எடுத்து வந்திருந்த புகார் மனுவை ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். அவமதிப்புப் புகார் போனால் விசாரணை அந்த அவமதிப்பைச் சுற்றியே நடக்கும். ரிப்பன் உரியதா இல்லையா என்ற கேள்வி அப்படியே தொங்கும். முதலில் உரிமையை நிலைநாட்டும் தாள்கள் வேண்டும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். பதக்கங்களுக்கான பக்கத்தில் சியாச்சின், சைன்ய சேவா, ஒன்பது ஆண்டு ஆகிய மூன்றும் தட்டச்சில் இருந்தன. உயர்மலைச் சேவைப் பதக்கம் பேனாவால் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது, பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. ஐ.நா. பதக்கம் இல்லவே இல்லை. பாராசூட் தகுதி வேறொரு பக்கத்தில், பயிற்சிகள் வரிசையில் இருந்தது.

இந்தப் புத்தகத்தை இப்படியே கொண்டுபோய்க் காட்டியிருந்தால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும். சுருக்கொப்பம் இல்லாத பேனா எழுத்தை எந்த அலுவலகமும் நம்பாது. எனவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஜபல்பூரில் உள்ள சிக்னல்ஸ் ஆவணப் பிரிவுக்கு எழுதினோம். ஒவ்வொரு பதக்கமும் வெளியான பார்ட் டூ ஆர்டரின் (வீரரின் பணி விவரங்களைப் பதிந்து வெளியிடும் ராணுவ ஆணை) எண்ணையும் தேதியையும் சான்றளிக்கும்படி கேட்டோம். வீட்டுப் பெட்டியில் சில ஆர்டர்களின் மங்கலான நகல்கள் கிடைத்தன, அவற்றையும் இணைத்தோம். நகல் இருந்த இனங்களுக்குப் பதில் சில வாரங்களில் வந்தது. நகல் இல்லாதவற்றுக்குத் தேடுதல் நடக்கிறது என்ற கடிதம் மட்டும் வந்தது.

ஐ.நா. பதக்கத்துக்குக் குறைந்தது 90 நாள் பணி வேண்டும். அவர் அதைப் போல் பல மடங்கு அங்கே இருந்தவர். பதக்கம் கையில் இருந்தது, அணிவிக்கப்பட்ட நாளின் படமும் இருந்தது. ஆனால் படம் சான்றாகாது. அந்த ஒன்றுக்காகத்தான் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ரிப்பன் தகட்டின் வரிசையையும் சரிபார்த்தேன். தவறு இருந்தது. நம் நாட்டில் பதக்கங்களுக்கு ஒரே முன்னுரிமைப் பட்டியல்தான். பாரத ரத்னாவும் பரம்வீர் சக்ராவும் அதன் உச்சியில். நீண்ட சேவைப் பதக்கங்கள் அடியில். காமன்வெல்த் விருதுகளும் பிற விருதுகளும் அவற்றுக்கும் கீழே. மார்பின் நடுவை ஒட்டி மூத்த பதக்கம் வர வேண்டும், அங்கிருந்து இடத்தோளை நோக்கி மற்றவை. இவருடைய தகட்டில் முதலில் இருந்தது ஐ.நா. ரிப்பன். ஏன் என்று கேட்டேன். அந்த இளநீலம் முன்னால் இருந்தால் பார்வையாக இருக்கும் என்று தைத்துக் கொடுத்த கடைக்காரர் சொன்னாராம். சியாச்சின், சைன்ய சேவா, உயர்மலை, ஒன்பது ஆண்டு, கடைசியாக ஐ.நா. என்று மாற்றித் தைக்கச் சொன்னேன்.

எடுக்கப்பட்ட முடிவு

ஆவணங்கள் ஜூன் மாதம் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் இருந்த அதிகாரியிடம் போயின. அவர் காவலரையும் ஆய்வாளரையும் தனித்தனியே கேட்டார், என்னையும் அழைத்தார். மேசை மேல் ஒவ்வொரு பொருளாக வைத்து, இது எந்த அதிகாரத்தில் தரப்பட்டது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனார். அந்தக் கேள்வி சரியான கேள்வி. முதல் நாளே அது கேட்கப்பட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

ரிப்பன்கள் முதலில். சியாச்சின் உள்ளிட்ட நான்கும் இந்திய அரசின் பதக்கங்கள். 1984 ஏப்ரலில் மேக்தூத் நடவடிக்கை தொடங்கியதில் இருந்து சியாச்சினில் நம் படை நிற்கிறது. அங்கே பணியாற்றியதற்குப் பதக்கம் தந்தது குடியரசு, சிக்னல்ஸ் பிரிவு அல்ல. காவல் பதக்கங்களும் ராணுவப் பதக்கங்களும் ஒரே பட்டியலில் இருப்பதன் பொருளும் அதுதான்: பெற்றவர் சீருடை மாற்றினாலும் பதக்கம் அவரோடு வரும். எனவே, சான்று வந்த நான்கையும் காக்கியில் அணியலாம். நாளை காவல் பதக்கம் ஏதேனும் கிடைத்தால் அது தனித் தகட்டில் வராது. இதே வரிசையில் அதற்குரிய இடத்தில் சேரும். ஐ.நா. ரிப்பன், சான்று வந்ததும்.

விங்ஸ் கூடாது என்றார். அது ஒரு திறனுக்கான அடையாளம். ராணுவச் சீருடை விதிகளின்படி, ராணுவச் சீருடையில் அணியத் தரப்பட்டது. காவல் சீருடையில் எந்த பேட்ஜ் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது காவல் தலைமையகம். மாவட்டத்தில் ஓர் அதிகாரி தன் விருப்பப்படி அனுமதிக்கவும் முடியாது. பாராட்டு அட்டையின் பேட்ஜும் அதே காரணத்தால் கூடாது. ஆனால் பாராட்டைப் பணிப்பதிவேட்டில் பதியலாம். தோள்கயிறு பற்றி விவாதமே நடக்கவில்லை. இருக்கும் சீருடைப் பொருளை எடுத்துவிட்டு வேறொரு படையின் கயிற்றைப் போடுவதை எந்தப் படையும் ஏற்காது, ராணுவம் ஏற்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். காவலர் தலையை ஆட்டினார்.

விங்ஸ் விஷயத்தில் மட்டும் காவலர் விடவில்லை. பிரிவில் சிலர் தேசிய அளவிலான கமாண்டோ பயிற்சிக்குப் போய்வந்து, அந்தப் பயிற்சியின் பேட்ஜைக் காக்கியில் அணிகிறார்களே, அது மட்டும் எப்படி என்று கேட்டார். துறை அனுப்பிய பயிற்சி, துறை அனுமதித்த பேட்ஜ் என்பது பதில். இந்தப் பதிலில் விதி இருக்கிறது, நிறைவு இல்லை. இரவில் விமானத்தின் கதவருகே நின்று குதித்த திறன், அனுப்பியது யார் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாது. என் கருத்தில் தலைமையகம் இதைப் பரிசீலிக்கலாம். ஆனால் பரிசீலித்து ஆணை வரும்வரை அணியாமல் இருப்பதுதான் முறை. விதியை மாற்றக் கேட்பதும், மாறியதாக நினைத்துக்கொண்டு நடப்பதும் ஒன்றல்ல. அதிகாரியும் அதையே செய்தார்: அனுமதி கோரி மேலே ஒரு கடிதம் அனுப்பினார்.

படை மாறுவது சாதாரணமாக நடக்கும் அமெரிக்காவிலும் கோடு ஏறத்தாழ இங்கேதான் விழுகிறது. மரைன் கோரில் (அமெரிக்கக் கடல்சார் தாக்குதல் படை) இருந்தபோது போர்முனையில் பெற்ற காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பனை, பின்னர் தரைப்படைக்கு வந்தவர் அந்தச் சீருடையில் அணியலாம். போரில் பங்கேற்ற காலாட்படையினருக்குத் தரைப்படை தரும் காம்பாட் இன்ஃபன்ட்ரிமன் பேட்ஜைப் பெற்றவர் மரைன் கோருக்குப் போனால் அங்கே அதை அணிய முடியாது. அதிலும் மனவருத்தம் உண்டு. இதைச் சொன்னபோது காவலருக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது. தன்னை மட்டும் குறிவைத்த விதி இல்லை என்று புரிந்தது.

பின்னர் நடந்தவை

2024 ஆகஸ்ட் 15 அணிவகுப்பில் நான்கு ரிப்பன்களோடு நின்றார். அதற்கு முந்தைய நாள் ரோல் காலில், ஆய்வாளர் அந்த நான்கின் பெயரையும் ஆர்டர் எண்ணோடு வாசித்து, இவை சரிபார்க்கப்பட்டவை என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை. வேண்டும் என்று காவலரும் எதிர்பார்க்கவில்லை. கழற்றச் சொன்ன அதே வரிசைக்கு முன்னால் வாசிக்கப்பட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் பழைய படத்தைப் போட்டவர் அதை நீக்கினார். ஆனால் அதற்குள் அது எத்தனை கைப்பேசிக்குப் போயிருந்ததோ, யாருக்கும் தெரியாது. காதணி விழாவுக்கு வந்த உறவினர் ஒருவர், அதன்பிறகும் பெண் வீட்டுப் பேச்சு ஒன்றில் 'போலி மெடல் வைத்திருந்த போலீஸ்காரர்' என்று இவரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஐ.நா. பதக்கத்துக்கான சான்று டிசம்பரில் வந்தது. 2025 குடியரசு நாளில் ஐந்து ரிப்பன்களும் சரியான வரிசையில் இருந்தன.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இந்த ஆணைக்குப் பிறகு பிரிவில் இருந்த மற்ற முன்னாள் படைவீரர்களும் தங்கள் ரிப்பன்களை எடுத்து வந்தார்கள். சரிபார்த்தபோது ஒருவரின் தகட்டில் அவருக்கு உரிமை இல்லாத ரிப்பன் ஒன்று இருந்தது. பட்டாலியனில் எல்லோரும் வைத்திருந்ததால் தானும் வாங்கித் தைத்துக்கொண்டதாகச் சொன்னார். அதைப் பிரித்து எடுத்துவிட்டு மீதியை அனுமதித்தார்கள். அதிகாரி அதை அறைக்குள் வைத்தே முடித்தார். ஜனவரியில் நடந்தது அவருக்கு நினைவிருந்திருக்கும்.

விங்ஸைக் காவலர் இப்போது கோட்டின் மேல் அணிகிறார், முன்னாள் படைவீரர் கூட்டங்களில் மட்டும். டிசம்பர் 7 கொடி நாள் விழாவுக்கு அப்படித்தான் வந்தார். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளுக்கு வரவில்லை. அந்த நாளை நிர்ணயித்தவர்களுக்குப் போகியும் பொங்கலும் நினைவில்லை. நம் ஊரில் அன்று கூட்டம் சேர்ப்பது பெரும்பாடு.

இனி எப்படி

அந்தப் பிரிவில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. முன்னாள் படைவீரர் பணியில் சேரும் நாளிலேயே, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பதக்கங்களும் பயிற்சிகளும் பணிப்பதிவேட்டில் தனிப் பக்கத்தில் பதியப்படுகின்றன. அணியத் தக்கவை எவை என்று அதிலேயே குறிப்பு எழுதப்படுகிறது. அணிவகுப்பு மெமோவில், பதிவேட்டில் அனுமதிக்கப்பட்ட பதக்கங்கள் மட்டும் என்று சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சந்தேகம் வந்தால் வரிசையில் கழற்றச் சொல்லாமல், ஆளை வரிசையில் இருந்து விலக்கி அறையில் கேட்பது என்பது எழுத்தில் இல்லை. ஆனால் நடைமுறையில் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் எழுத்தில் வர வேண்டியது அதுதான். அதிகாரி மாறினால் நடைமுறையும் மாறிவிடும்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பலரும் தள்ளிப் போடுகிறார்கள். யூனிட்டை விட்டுக் கிளம்பும் கடைசி வாரத்தில் கேன்டீன் கார்டுக்கும் பென்ஷன் தாளுக்கும் ஓடுகிற ஓட்டத்தில், பதக்கப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஆர்டர் எண் வேண்டும், பேனாவால் எழுதியிருந்தால் சுருக்கொப்பம் வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்கும். ஆனால் மாதங்கள் ஆகும். கடைப் பதக்கம் வைத்திருப்பவர்கள், அது கடைப் பதக்கம் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பதாகை அடிக்கும் மைத்துனர்களைக் கட்டுப்படுத்த வழி தெரியவில்லை. எங்கள் மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. பிறகு இரண்டு பேர் தங்கள் வீட்டு விசேஷப் பதாகைகளில் இருந்த பட்டங்களைப் பற்றித் தனியாக வந்து கேட்டார்கள்.

இது இனி அரிதான சிக்கலாக இருக்காது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்கிறவர்களில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ராணுவத்தில் தொடர முடியும். மற்றவர்கள் இருபதுகளின் நடுவில் வெளியே வந்து, அடுத்த சீருடைக்கு விண்ணப்பிப்பார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அக்னிவீரர்களின் சீருடைக்கென்று தனிச் சின்னமே உண்டு. அந்தச் சின்னத்தோடும், சிலர் விங்ஸோடும் வந்து நிற்கும்போது, ஒவ்வொரு மைதானத்திலும் ஒவ்வோர் ஆய்வாளர் தனக்குத் தோன்றியபடி முடிவெடுத்தால் சரிவராது. தலைமையகத்திடம் இருந்து ஒரு பொது ஆணை வர வேண்டும் என்று, இந்த நிகழ்வின் ஆவணங்களை இணைத்துத் துணைக் கண்காணிப்பாளர் எழுதியிருக்கிறார்.

விங்ஸுக்கு அனுமதி கோரிய கடிதத்துக்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அண்மையில் அதே பிரிவில் சேர்ந்த முன்னாள் படைவீரர்களில் இன்னொரு பாராசூட் தகுதி பெற்றவர் இருக்கிறார். அவருடைய பதிவேட்டில் 'தகுதி உண்டு. அணிவது குறித்த ஆணை நிலுவையில்' என்று எழுதி ஆய்வாளரே கையொப்பமிட்டிருக்கிறார்.